இடது கையில் தேங்காய் பன்

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் பயம் பிடித்துக்கொண்டது. காரணம், இணைச்சீர். எங்கள் பக்கக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் பேழைக்கூடையைச் சுமந்து வந்து மேடையில் அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். மண்டபம் மொத்தமும் அவளைத்தான் பார்க்கும்.

நானோ யாராவது பார்த்தால் நடக்கவே மறந்துபோகிற ஆள். பஸ்ஸில் வாய் திறந்து நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு மதுக்கரை வரை போய்த் திரும்பியிருக்கிறேன். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் கண்ணில் பட்ட கடைக்குள் நுழைந்துவிடுவேன். அப்படி ஒருமுறை ஹார்டுவேர் கடைக்குள் நுழைந்து, வெறுங்கையோடு வெளியே வரவும் கூச்சப்பட்டு வாங்கிய ஆணிகள் இன்னும் பரணில் கிடக்கின்றன. என் கல்யாணத்தில் தலையைக் குனிந்தே தப்பித்தேன். மணப்பெண் குனிந்தால் வெட்கம் என்பார்கள். மாப்பிள்ளையின் அக்கா குனிந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்பார்கள்.

எனக்குப் பதிலாகச் சித்தப்பா மகளை நிறுத்தலாம் என்று அம்மா யோசனை சொன்னார். தம்பி ஒரே பேச்சாக முடித்துவிட்டான்.

"அக்கா நின்னாத்தான் சீரு. இல்லாட்டி சீரே வேண்டாம்."

பாசத்தால் கழுத்தை நெரிப்பது என்றால் இதுதான். டாக்டரிடம் போனேன். இதற்குச் சமூகப் பதற்றம் என்று ஒரு பெயர் இருப்பதாகச் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்து, இதே தொந்தரவு உள்ளவர்களின் வாட்ஸப் குழு ஒன்றிலும் சேர்த்துவிட்டார். என்னோடு சேர்த்து ஐந்து பேர். டைப் அடிப்பதில் அத்தனை பேரும் சிங்கங்கள். நேரில் சந்தித்தால் பயம் இன்னும் குறையும் என்று ஒரு சிங்கம் கர்ஜித்தது. காந்திபுரத்தில் ஒரு பேக்கரி முடிவானது.

போனேன். யாரும் வரவில்லை. தனியாக டீ குடித்துவிட்டுத் திரும்பி, காய்ச்சல் என்பதால் வர முடியவில்லை என்று குழுவில் ஒரு பொய் போட்டேன். அடுத்தடுத்து நான்கு பேரும் காய்ச்சல் என்றே போட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஒருவர் மனது கேட்காமல், தான் பப்ஸ் அடுக்கியிருந்த கண்ணாடிப் பெட்டியின் ஓரத்தில் நின்றிருந்ததாக ஒப்புக்கொண்டார். விசாரித்தால் எல்லோருமே வந்திருக்கிறோம். ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்திருக்கிறோம்.

அடுத்த முறைக்கு அடையாளம் வைத்தோம். இடது கையில் தேங்காய் பன்.

இந்த முறை தேடவே வேண்டியிருக்கவில்லை. வெளிப்பெஞ்சில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் வலது கையில் டீயும் இடது கையில் தேங்காய் பன்னுமாக உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராகப் பன்னும் கையுமாக வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்தோம். யார் முதலில் பேசுவது என்பதில் பெரிய போராட்டம். நீங்க சொல்லுங்க, இல்லைங்க நீங்க சொல்லுங்க என்று மரியாதையிலேயே ஒரு சுற்று டீ தீர்ந்தது. பிறகு மடை உடைந்தது. போன் மணி கேட்டாலே வியர்ப்பதை ஒருவர் சொன்னார். நான் ஆணிக் கதையையும் இணைச்சீரையும் சொன்னேன். அந்த மனிதர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவ்வளவு பொறுமையாக என் பேச்சை அதுவரை யாரும் கேட்டதில்லை. கடைசியில் அவரையும் பேசச் சொன்னோம்.

"நானு அன்னூருங்க. மோட்டாரு காயில் கட்டற பட்டறை வெச்சிருக்கறனுங்க. பஸ்ஸுக்குத்தானுங்க உக்காந்திருந்தேன். அது போயி ரொம்ப நேரமாச்சுங்க. நடுவுல எந்திரிச்சா தப்பா நெனைப்பீங்களோன்னு இருந்துபோட்டனுங்க."

அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். ஐந்து பேர் குழுவில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். முன்பின் தெரியாத ஐந்து பேரிடம் எழுந்து போகிறேன் என்று சொல்ல முடியாமல் பஸ்ஸை விட்டவரைவிடத் தகுதியான ஆள் நமக்குக் கிடைக்கப்போவதில்லை என்று பப்ஸ்காரர் சொன்னார். அன்றே அவரைக் குழுவில் சேர்த்தோம்.

கல்யாணம் அன்னூரில்தான். எல்லோரும் வருகிறோம் என்று எழுதினார்கள். நான் நம்பவில்லை. கல்யாண மண்டபம் என்பது எங்கள் கூட்டத்துக்குப் புலிக்குகை. நீங்க பொண்ணு ஊடுங்களா, மாப்பிள்ளை ஊடுங்களா என்று ஆளாளுக்குக் கேட்பார்கள்.

கூடையோடு மேடைப்படி ஏறியதும் பயந்தது நடந்தது. கால் நகரவில்லை. அருமைக்காரர், எங்கள் சீர்களை நடத்தி வைப்பவர், வாங்கம்மணி என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். கேமரா வெளிச்சம் மூஞ்சியில் அடித்தது. சித்தப்பா மகள் எதற்கும் இருக்கட்டும் என்று பட்டுச்சேலையைச் சரிசெய்துகொண்டாள். தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கண்ணை அவனிடமிருந்து திருப்பினேன். முதல் வரிசை சோபாவில், சம்பந்தி வீட்டார் உட்கார வேண்டிய இடத்தில், என் குழுவின் ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் சந்தனம் கொடுத்தவர் முன்னால் போய் உட்காரச் சொல்லியிருப்பார். மாட்டோம் என்று சொல்ல இவர்களுக்கு ஏது வாய்? மண்டபமே அவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து முகத்திலும் ஈயாடவில்லை.

பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். மடியில் இருந்த மஞ்சப்பையில் கையை விட்டு ஒரு தேங்காய் பன்னை எடுத்து, இடது கையில் தூக்கிப் பிடித்தார். தேங்காய்ப்பூ அவருடைய புது வேட்டியில் உதிர்ந்துகொண்டே இருந்தது. அவர் கையை இறக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே நடந்துபோய்த் தம்பி பக்கத்தில் நின்றேன்.