மீன் பிடிக்காத ஐந்து பேர்

டாக்டர் என்னை நடக்கச் சொன்னார். நடந்தால் போரடிக்கிறது என்றேன். எங்கள் தொழிற்சாலை கிளினிக்கின் தாதி, என்னைவிட இளைய சீனப் பெண், அப்படியென்றால் ஞாயிறு காலையில் தங்கள் குழுவோடு பறவை பார்க்க வாங்க என்றார். போனேன். முதல் நாளே செம்பனை மட்டையில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பையைக் காட்டி, கொக்கு என்று சொன்னேன். தாதி அதை நோட்டில் எழுதி, நிதானமாகக் கோடு போட்டு அடித்தார்.

நாலாவது மாதம் ஓர் ஆற்றோரத்தில் பாராவ்-பாராவ் என்ற பறவையைப் பார்த்தோம். வைக்கோல் நிறத் தலை, கன்னத்தில் கறுப்புக் கோடு. பாட ஆரம்பித்தால் கேட்கிறவன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். அந்தப் பாட்டே அதற்கு வினை. கூண்டில் வளர்க்க ஆசைப்பட்டு ஆளாளுக்குப் பிடித்ததில், எங்கள் பக்கக் காடுகளில் அனேகமாக இல்லாமலே போயிருந்தது. அங்கே ஒரு ஜோடி கூடு கட்டிக்கொண்டிருந்தது. இடத்தை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றார் தாதி. நான் தலையாட்டினேன்.

மறுநாளே சாப்பாட்டுக் கடையில், கைப்பேசியில் பதிந்த பாட்டைப் போட்டுக் காட்டினேன். பக்கத்து மேசைக்காரர் எங்கே என்று கேட்டார். பெருமை முட்டிக்கொண்டு வர, ஆற்றின் பெயர், பாலம், திருப்பம் எல்லாம் சொன்னேன். பேசி முடித்து வெளியே வந்த பிறகுதான் அவர் மோட்டார் சைக்கிளைப் பார்த்தேன். பின்னால் துணி போர்த்திய கூண்டு.

தாதியிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குஞ்சு பறக்கும் வரை முறை போட்டுக் காவல் இருப்போம் என்றார். விடுப்பு எடுத்து உட்கார்ந்தேன். கொசுவுக்கு என்னைக் கொடுத்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். அந்தப் பக்கத்து மேசைக்காரர் கூண்டோடு வந்தார். காட்டுப் பறவையை இழுக்க உள்ளே பழக்கிய பறவை.

நான் முந்திக்கொண்டேன். "இங்க பறவ இல்ல அண்ணே. நாங்க மீன் புடிக்க வந்தோம்."

அவர் என் கழுத்தைப் பார்த்தார். "தூண்டில் எங்கண்ணே? பைனாகுலர்லயா மீன் புடிப்பீங்க?"

அந்த நேரம் பார்த்து என் தலைக்கு மேலேயே அது பாட ஆரம்பித்தது. நான் இருமினேன். தொண்டை கிழிய இருமினேன். அது நிறுத்தவில்லை, நானும்தான்.

தாதி எழுந்து, அவருக்கும் ஒரு கப் தேநீர் ஊற்றி நீட்டினார். அவர் வாங்கிக் குடித்தார். பாட்டு முடியும் வரை மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து பேரையும் ஒரு தடவை எண்ணினார்.

"தினமும் இருப்பீங்களா?"

"தினமும்தான்," என்றேன்.

கூண்டைத் தூக்கிக்கொண்டு போனார். மறுபடி வரவில்லை. வந்துவிடுவார் என்று நாங்கள்தான் விடாமல் போனோம்.

ஆறாவது வாரம் கிளையில் நான்கு தலைகள் தெரிந்தன. இரண்டுக்கு வால் இன்னும் குட்டை. தாதி நோட்டை என்னிடம் தள்ளினார். பிளாஸ்டிக் பை இல்லை என்று இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டு, நாலு என்று எழுதினேன். இடம் என்ற கட்டத்தை அவர் முன்கூட்டியே கோடு போட்டு அடைத்திருந்தார்.