கண்ணுக்குள் ஒரு குமிழி, கினிகத்தேனை வரை

முதலில் வளைந்தது தண்டவாளம். ஒரு சிறுவர் படப்புத்தகத்துக்கு மதிப்புரை எழுதிக்கொண்டிருந்தேன். பக்கம் நிறைய ரயில் பாதை. நடுவில் மட்டும் அது மண்புழு மாதிரி நெளிந்தது. ‘இந்த ஓவியருக்கு யாராவது கோடு போட ஓர் அடிமட்டம் வாங்கிக் கொடுத்தால் புண்ணியம்’ என்று எழுதினேன். எழுதியதும் மனதுக்கு இதமாகவே இருந்தது.

படப்புத்தகம் சேர்ப்பது என் பழைய வியாதி. பொகவந்தலாவை வீட்டில் இரண்டு அலுமாரி நிறைய அவைதான். போதாததற்கு ஹட்டன் நூலகம். அச்சகத்தின் மீதும் சந்தேகம் வந்ததால் நூலகப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே நெளிவு. பதிப்பு முழுவதும் கோளாறு என்று தீர்ப்பளித்து, நூலகர் ரிஸ்வியிடம் காட்டினேன்.

“எனக்கு நேராத்தான் தெரியுது சேர்,” என்றார். புத்தகத்தை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க.”

இடது கண்ணை மூடினேன். தண்டவாளத்தின் நடுவே ஒரு சாம்பல் பொட்டு. அதற்குள் போன ரயில் வெளியே வரவேயில்லை.

கொழும்பில் கண் டொக்டர் படம் வரைந்து விளக்கினார். வலது கண்ணில் மாக்குலா ஓட்டை. (மாக்குலா என்பது விழித்திரையின் நடுப்பகுதி, எழுத்தையும் முகத்தையும் நமக்குக் காட்டுவது அதுதான்.) அவர் வரைந்த வட்டமும் எனக்குக் கோணலாகவே தெரிந்தது; இம்முறை குறை சொல்லவில்லை. ஓரப்பார்வையை வைத்துக்கொண்டு மாடு முட்ட வருவதைத் தெரிந்துகொள்ளலாம்; மாட்டின் முகத்தைப் பார்க்க முடியாது. படம் பார்த்தே வயதான ஒருவனுக்கு இது சின்னப் பயமில்லை.

விட்ரெக்டமி செய்தார்கள். (கண்ணுக்குள் இருக்கும் பசை போன்ற பொருளை அகற்றுவது.) அந்த இடத்தில் வாயுவை நிரப்பினார்கள். அந்தக் குமிழி ஓட்டையை அழுத்தி மூடவேண்டும் என்பதால் பல நாட்கள் குப்புறவே கிடக்க வேண்டும். கொழும்பை ஒட்டிய வத்தளையில் மைத்துனன் வீட்டில் பாயில் கிடந்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த விலாசமும் அதுதான்.

மனைவி கமலா படப்புத்தகங்களை என் மூக்குக்குக் கீழே தரையில் விரித்து வைத்தாள். நல்ல கண்ணால் பார்த்தேன். சிறுவர் புத்தகங்களை இத்தனை காலமும் மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்து மதிப்பிட்டிருக்கிறேன். அவற்றின் உண்மையான வாசகர்கள் வயிற்றைத் தரையில் வைத்துக் கிடந்தல்லவா பார்க்கிறார்கள்? அந்த உயரத்தில் எறும்பும் யானையும் சமமாக நெருங்கி வந்தன.

டொக்டர் சோதித்துவிட்டு, ஓட்டை மூடிக்கொண்டு வருகிறது என்றார். “வாயு முழுக்கக் கரையும்வரை விமானத்தில் மட்டும் ஏறவேண்டாம்.”

விமானத்துக்கும் எனக்கும் உள்ள உறவு அண்ணாந்து பார்ப்பதோடு சரி. அதற்கும் அப்போது தடை. சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, மறுநாள் வீடு திரும்ப ஹட்டன் பஸ்ஸில் ஏறினோம்.

மலையடிவாரத்துக் கித்துல்கலவரை ஒன்றுமில்லை. கினிகத்தேனை மலை வளைவுகளில் கண்ணுக்குள் யாரோ ஊதுவதுபோல் ஒரு வலி. பிறகு வலது பக்கம் இருட்டியது.

“என்னங்க, இப்பிடி வேர்த்திருக்கு?”

“கண்ணு வெடிக்கிற மாதிரி இருக்கு கமலா.”

கமலா தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். அவள் மடியில், கொழும்பில் வாங்கிய மிக்சர் பைக்கட்டு தலையணை மாதிரி உப்பியிருந்தது. மலைக்கு வரும் எல்லாப் பைக்கட்டும் அப்படித்தான் உப்பும், யாரும் கவனிப்பதில்லை. அவள் அதைப் பார்த்தாள், என் கண்ணைப் பார்த்தாள்.

“உங்களுக்குள்ளயும் காத்துதானே அடைச்சிருக்காங்க,” என்றவள், எழுந்து நின்று சிங்களத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னாள்.

தெருவோரத்தில் நின்று டொக்டருக்கு அழைத்தோம்.

“எங்கே இருக்கிறீர்கள்?”

“கினிகத்தேனை.”

“வீடு வத்தளை இல்லையா?”

“பொகவந்தலாவை.”

“உடனே கீழே இறங்குங்கள். இருக்கும் பார்வையும் போய்விடும்.”

எதிரே வந்த வேனை மறித்து ஏறி மலையிறங்கினோம். வழியெல்லாம் கமலா என் கையை விடவில்லை. ஆனால் வாயையும் மூடவில்லை. “பிளேன்ல ஏறாதேன்னா, மலையிலயும் ஏறக்கூடாதுன்னு விளங்காதா? ஊருக்கெல்லாம் விமர்சனம் எழுதுறவருக்கு?”

“நீ விஞ்ஞான டீச்சர்தானே, உனக்கு விளங்குச்சா?”

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவிசாவளையில் வலி தணிந்தது. கொழும்பு ஆஸ்பத்திரியில் கண் அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்தும் மாத்திரையும் தந்தார்கள். பார்வை நரம்பு தப்பியிருக்கிறது என்று கேட்டபோது எங்களுக்குள் சண்டை தானாகத் தீர்ந்தது.

கண்ணில் வாயு வைத்துக்கொண்டவர்கள் இதை வாசித்தால், உங்கள் வீடு எந்த மலையில் இருக்கிறது என்று டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள். விலாசம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

அதன்பிறகு வத்தளையில் குமிழி கரைவதைப் பார்த்திருந்தேன். முதலில் பாதிப் பார்வையை மறைத்த குளம், பிறகு எலுமிச்சம்பழம், பிறகு மிளகு. ஒரு காலை பல் விளக்கும்போது அது இல்லை. டொக்டர் பார்த்து, போகலாம் என்றபிறகே மலையேறினோம். கினிகத்தேனையில் காது மட்டும் அடைத்தது. அவ்வளவு சுகமாக எனக்குக் காது அடைத்ததேயில்லை.

இப்போது தினமும் இடது கண்ணை மூடிக்கொண்டு ஒரே புத்தகத்தின் ஒரே பக்கத்தைப் பார்க்கிறேன். ஆரம்பத்தில் கிளை மட்டும் இருந்தது. பிறகு கிளையில் ஏதோ கறுப்பு. பிறகு காக்கை, பிறகு அலகு. ஒரே இருப்பில் ஐந்தாறு புத்தகங்களைப் புரட்டித் தள்ளியவன், ஒரு காக்கைக்கு ஒரு மழைக்காலத்தையே கொடுத்திருக்கிறேன். நேற்று அதன் கண் தெரிந்தது. கமலாவைக் கூப்பிட்டேன்.

“என்னையே பாக்குது.”

“இத்தன நாளா அதுவும் உங்களத்தான் தேடியிருக்கும்,” என்றாள். “தேத்தண்ணி ஆறுது, வாங்க.”