'ஆவேசம்' என்றொரு படக்குறிப்பு

தாலுகா நிருபர் வேலையில் செய்தி அனுப்புவது எளிது. காலையில் பேப்பரைப் பிரிப்பதுதான் பயம். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தப் பயம் தெரிந்திருக்கும்.

உட்கார்ந்தார்கள்

கோவில்பட்டியில் காட்டுநாயக்கர் குடும்பங்கள், பிள்ளைகளுக்குப் பழங்குடியினர் சான்றிதழ் கேட்டு ஓர் அரசு அலுவலக வாசலில் உட்கார்ந்தார்கள். 'வாசலில் அமர்ந்து காத்திருந்தனர்' என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் 'அலுவலகம் முற்றுகை. பதற்றம்' என்று வந்திருந்தது. அங்கே பதற்றமாக இருந்தது நான் ஒருவன்தான், கழுகுமலை பஸ் போய்விடுமே என்று. செய்திகளைத் திருத்தும் டெஸ்க்குக்குப் போன் செய்தேன். செய்தியைத் திருத்தியவர் சலித்துக்கொண்டார்:

"உக்காந்திருந்தாங்கன்னு போட்டா எவன்யா படிப்பான்?"

வாய் திறந்த படம்

செய்தியோடு வந்த படம் லட்சுமியுடையது. தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கிறவர். மகளைக் கல்லூரியில் சேர்க்கத்தான் சான்றிதழ் கேட்டார். படத்தில் கையை உயர்த்தி, வாயைத் திறந்தபடி இருந்தார். கீழே 'ஆவேசம்'. ஆலையில் அந்தப் பக்கத்தைக் காட்டி, கொஞ்ச நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என்னைத் தேடி வந்த லட்சுமி கோபப்படவில்லை. அந்தப் பக்கத்தை நீட்டிக் கேட்டார்:

"ஏட்டி, வெயிலுல நிக்காத, நிழலுக்கு வான்னு எம் மகளக் கூப்பிட்டேன் அண்ணாச்சி. அதுக்குப் பேரு ஆவேசமா?"

பேப்பரில் நடந்தது

அந்த வாரமே அவரைக் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். நானும் போனேன். வழியெல்லாம் யோசனை. இவர் மேல் வழக்குப் போட்டால் மகளின் படிப்பு என்ன ஆகும்? சொந்தப் பேப்பருக்கு எதிராகச் சாட்சி சொன்னால் என் வேலை என்ன ஆகும்? அதிகாரியின் மேசையில் எங்கள் செய்தி கத்தரித்து வைக்கப்பட்டிருந்தது. என் போனில் இருந்த வீடியோவைக் காட்டினேன். எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள்; ஒரு குழந்தை தூங்குகிறது. நேரில் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு லட்சுமியை அனுப்பினார்கள். அதிகாரிக்குத்தான் மனசு ஆறவில்லை.

"வீடியோவுல ஒண்ணுமே நடக்கலயேய்யா. பேப்பர்ல நடந்திருக்கே?"

உள்பக்கம்

அடுத்த மாதம் அந்தக் குடும்பத்தார் அதே வாசலில் மறுபடி உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை டெஸ்க்கோடு மல்லுக்கட்டி 'முற்றுகை'யை எடுக்க வைத்தேன். 'பழங்குடியினர் காத்திருப்பு' என்று உள்பக்கத்தில் சின்னதாக வந்தது. பேப்பரை லட்சுமி வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆலையில் அவரைத் திரும்பச் சேர்த்திருந்தார்கள். சான்றிதழ்தான் வரவில்லை. மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பேப்பரை மடித்து வைத்தார்.

"முற்றுகைன்னு போட்டப்போ போலீசாவது வந்துச்சு. காத்திருந்தாகன்னு போட்டிருக்கீய, ஒரு ஆளும் எட்டிப் பாக்கல. இனி என்னன்னு எழுதுவீய அண்ணாச்சி?"

இந்த வேலையில் நான் பயமில்லாமல் டைப் செய்கிற ஒரே சொல் ஊர்ப் பெயர்தான். அதையும் சில நாள் டெஸ்க்கில் மாற்றிவிடுகிறார்கள்.