சுரைக்காய்க் கம்பவுண்டர்

நாட்டு வைத்தியசாலைக் கம்பவுண்டருக்கு மருந்து இடிக்கிற வேலை கொஞ்சம்தான். வந்தவர்களைச் சமாதானப்படுத்துகிற வேலைதான் அதிகம். கல்வத்தில் மருந்து அரைத்துக் கை காய்த்த மற்றக் கம்பவுண்டர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் வைத்தியர்கள் சூரணமாவது கொடுத்தார்கள். எங்கள் வைத்தியர் சுரைக்காய் கொடுத்தார்.

மதுரை வெயிலில் வருகிற நோயில் பாதி உடம்புச் சூட்டால் வருவது என்பது அவர் கட்சி. "முக்கால்வாசி தண்ணிதாம்ப்பா அந்தக் காய். சூட்டைத் தணிக்கும், நீரைப் பிரிக்கும், மலத்தை இளக்கும், காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்சவனுக்கும் செரிக்கும். மூணு நாள் அதைத் தின்னுட்டு வரட்டும், அப்புறம் மருந்தைப் பாப்போம்" என்பார். மூன்று நாளில் முக்கால்வாசிப் பேருக்குச் சரியாகிவிடும். சரியானவர்கள் எவரும், "சுரைக்காயால் பிழைத்தேன்" என்று வெளியே சொல்ல மாட்டார்கள். வெட்கம்.

அந்த வெட்கம் என் தலையில் வந்து விடிந்தது. அது யுத்த காலம். உசிலம்பட்டிப் பக்கத்தில் இருந்த என் தாய்மாமன் தன் மகளை எனக்குக் கொடுப்பதாகப் பேசியிருந்தார். நான் வேலை பார்ப்பது மருந்துக்கடை இல்லை, காய்கறிக்கடை என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அவர் கல்யாணப் பேச்சை நிறுத்திவிட்டார். அதிலிருந்து வைத்தியசாலைக்கு வருகிற ஒவ்வொருவரும் வெளியே போய் என்ன சொல்வாரோ என்று வாசல் வரை கூடவே போய்க் காது கொடுப்பேன்.

சீசா

ஒரு வக்கீல் குமாஸ்தா. நாள் முழுதும் உட்கார்ந்தே எழுதியதில் மலச்சிக்கல். வைத்தியர் வழக்கம்போல எழுதிக் கொடுத்தார்: "சுரைக்காய்க் கூட்டு, பாசிப்பருப்புடன், இரு வேளை." குமாஸ்தா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் ஒன்றுமில்லை.

வைத்தியர் உள்ளே போனதும் என்னிடம் வந்து, ஒரு சீசாவில் சீரகத் தண்ணீராவது ஊற்றித் தரச் சொன்னார். குணமாக வேண்டும் என்றால் காய் போதுமே, சீசா எதற்கு என்றேன். அவர் சொன்னார்:

"கம்பவுண்டர் தம்பி, சீசாவைக் காட்டுனாத்தான் எங்க வக்கீல் லீவு குடுப்பாரு. சுரைக்காயைக் காட்டுனா, பாதியை அவரு வீட்டுக்குக் குடுத்தனுப்பச் சொல்லுவாரு!"

நகம்

காய் பிஞ்சாக இருக்க வேண்டும் என்பது வைத்தியர் கண்டிப்பு. நகத்தால் அழுத்தினால் நகம் உள்ளே இறங்க வேண்டும். இதை ஒவ்வொரு நோயாளிக்கும் என் கட்டைவிரலால் செய்து காட்டுவேன். அவர்கள் நேரே மார்க்கெட்டுக்குப் போய், ஒரு காய் வாங்க ஒன்பது காயில் நகத்தை இறக்கினார்கள். நகம் பட்ட காய் சாயங்காலத்துக்குள் கறுத்துப்போகும். பிறகு அதை யார் வாங்குவார்கள்?

ஒருநாள் காய்கறிக்கார அம்மா ஒருத்தி கூடையோடு உள்ளே நுழைந்து, அம்மை போட்டதுபோல் தழும்பேறிய காய்களை மருந்து மேஜை மேலேயே கொட்டினாள். காத்திருந்த நோயாளிகள் எழுந்து நின்றுவிட்டார்கள். வைத்தியர் காசு கொடுத்து எல்லாக் காயையும் வாங்கிக்கொண்டார். ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு அதுதான். போகும்போது அவள் என் விரலைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏப்பா, உங்க சீக்காளிகளுக்கு வைத்தியம் அப்புறம் பாக்கலாம், மொதல்ல நகத்தை வெட்டிவிட்டு அனுப்பு!"

இருபது மிளகாய்

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் அடுப்பு கட்டி, பஸ்கள் கரிப்புகையில் ஓடின. உசிலம்பட்டி பஸ் டிரைவருக்குத் தினமும் காலையில் கரி அடுப்பை மூட்டிக் கிளப்பியே கண் எரிச்சல், உடம்பெல்லாம் அனல். சுரைக்காயைச் சாறு பிழிந்து அரை டம்ளர் குடிக்கச் சொன்னோம். மூன்றாம் நாள் முன்னைவிடச் சிவந்த கண்ணோடு வந்தார்.

விசாரித்தேன். குளிர்ச்சியான காய், சளி பிடித்துவிடும் என்று அவர் மனைவி பயந்து, மிளகு, சுக்கு, இருபது மிளகாய் வைத்து அரைத்துச் சாற்றில் கலந்திருக்கிறாள். வைத்தியர் தலையில் கை வைத்துக்கொண்டார். டிரைவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"அய்யா, என் சூடு எறங்கல. சுரைக்காய்க்குச் சூடு ஏறுனதுதான் மிச்சம்!"

எட்டாவது காய்

அதே டிரைவரின் பஸ்ஸில் ஒருநாள் என் மாமா வந்து இறங்கினார். கடையைச் சோதிக்கத்தான் வந்தார். வந்த இடத்தில் நீர்க்கடுப்பு என்றும் சொல்லிவைத்தார். வைத்தியர் என்ன எழுதுவார் என்று உங்களுக்கே தெரியும். மாமாவின் முகம் சுருங்கியது. நான் பின்னாலேயே பஸ் வரைக்கும் ஓடி, பக்குவத்தை விளக்கினேன். "நறுக்குனதும் ஒரு துண்டை நாக்குல வச்சு, கசக்குதான்னு பாருங்க மாமா..." அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்தார். கசந்தால் தூக்கி எறியுங்கள் என்ற மீதி வாக்கியம் என் வாயிலேயே நின்றுவிட்டது.

நான்காம் நாள் மாமா வந்தார். கண் குழி விழுந்து, வேட்டி இடுப்பில் நிற்காமல், ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. "வைத்தியம்னா இதுல்ல வைத்தியம்! நீ சொன்ன மாதிரியே நாக்குல வச்சுப் பாத்தேன் மாப்ள. ஏழு காய் கசக்கவே இல்ல, மாட்டுக்குப் போட்டேன். வேலியோரம் தானா மொளச்சு கெடந்த கொடியில எட்டாவது காய், அம்மாடி, என்ன கசப்பு! அதான் அசல் மருந்துன்னு முழுசாத் தின்னேன். ரெண்டு நாள் மேலயும் கீழயும் போயி, ஒடம்புல இருந்த அம்புட்டு அழுக்கும் வெளியேறிருச்சு. வெதை எடுத்து வச்சிருக்கேன், ஊருக்கே குடுக்கணும். கல்யாணத்த தையில வச்சுக்கிருவோம்!"

அவர் தின்றது பேய்ச்சுரை. நான் வாயை மூடிக்கொண்டால் தை மாதம் கல்யாணம். மாசி மாதத்துக்குள் பாதி ஊர் படுத்துவிடும். வைத்தியரைப் பார்த்தேன். அவர் மாமாவின் நாடியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமன் மகளை மனசுக்குள் ஒருமுறை நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன்: "மாமா, அது விஷம். கசந்தா எறியணும். நாந்தான் பாதியோட விட்டுட்டேன்."

மாமா மடியில் முடிந்திருந்த விதையை அவிழ்த்து மேஜை மேல் வைத்தார். வைத்தியர் நொய்க்கஞ்சிக்குச் சீட்டு எழுதினார். வாசல் வரை போன மாமா திரும்பி நின்றார்.

"கல்யாணத்துக்காக மறைக்காம உள்ளதைச் சொன்ன பாரு, அதுக்காகப் பொண்ணு தாரேன். ஆனா ஒண்ணு மாப்ள, அவகிட்ட எதையும் பாதி சொல்லிட்டு நிப்பாட்டிறாத. அவளுக்கும் என் புத்திதான்!"

இன்றும் எங்கள் வீட்டில் சுரைக்காய் நறுக்கினால் கசக்கிறதா என்று பார்க்க, அவள் முதல் துண்டை என் நாக்கில்தான் வைக்கிறாள். மாமா தன் மகளிடம் சொல்லி அனுப்பிய சீர்வரிசையில் இதுவரை குறையாமல் வந்துகொண்டிருப்பது அது ஒன்றுதான்.