மாமாவுக்கு வைத்திருந்த மெழுகுதிரி

ஆண்டவரிடம் கேட்டேன், கொடுத்தார். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் கேட்கத் தெரியாமல் கேட்டுவிட்டேனே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. அதை மறைத்துவிட்டுச் சாட்சி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1964 டிசம்பர். கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. பாம்பனில் கடலைப் பார்த்த ஓட்டு வீடு எங்களுடையது. நான் நிறைமாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. இதுவும் போனால் நானும் போய்விடுவேன் என்று மனதுக்குள் முடிவு பண்ணியிருந்தேன். மாமா என்று நான் கூப்பிடும் என் மாமனார் வாதம் வந்து கட்டிலோடு கிடந்தார்.

அந்த வருஷம்தான் எங்கள் வீட்டுக்குக் கரண்டு வந்தது. ஒரே ஒரு குண்டு பல்பு, அதற்கே எனக்குப் பெருமை தாங்கவில்லை. கரண்டு இருக்கிற வீட்டில் அரிக்கேன் எதற்கு என்று, இருந்த விளக்கை என் வீட்டுக்காரரின் மீன்பிடி வள்ளத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். சமையல் கொட்டகையில் சிம்னி விளக்கு ஒன்று கிடந்தது.

மாதா படத்துக்குப் பின்னால் ஒரு மெழுகுதிரியும் இருந்தது. காணிக்கை மாதா திருநாளில் கோயிலில் மந்திரித்துக் கொடுத்தது. உயிர் பிரிகிற நேரம் அதைக் கொளுத்திக் கையில் பிடிக்க வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அது மாமாவுக்கு உள்ளது. வேறு எதற்கும் தொடக்கூடாது. ‘என் திரி இருக்கா?’ என்று மாமாவே அடிக்கடி கேட்டுக்கொள்வார்.

சாயங்காலமே காற்று பேயாய் அடித்தது. பல்பு இரண்டு தரம் கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் சமையல் கொட்டகை அப்படியே பெயர்ந்து போயிற்று. சிம்னி, மண்ணெண்ணெய் எல்லாம் அதோடு போயின. மூலையில் ஓடுகள் பறந்து மழை வீட்டுக்குள் பெய்தது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். அந்த இருட்டில் எனக்கு வலி கண்டது.

மருத்துவச்சியைக் கூப்பிட யார் போக முடியும்? வீட்டுக்காரரின் அக்கா அந்தோணியம்மாதான் பக்கத்தில் இருந்தாள். நான் மதினி என்பேன். தலை வந்ததும் தடவிப் பார்த்தவள் கையை எடுத்துவிட்டாள்.

“கழுத்துல கொடி சுத்திக் கெடக்கு. வெளிச்சமில்லாம நான் கை வைக்க மாட்டேன்.”

இருப்பது அந்தத் திரி ஒன்றுதான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் உயிர் இருக்கும்போதே அதைக் கொளுத்தினால் மாமாவைச் சாகச் சொன்ன மாதிரி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, மாதாவே, பிள்ளையைக் கொடு, பிள்ளையைக் கொடு என்று அதையே வேண்டினேன். அப்போது கட்டிலில் இருந்து மகனைக் கூப்பிட்டுக் குழறலாக மாமாவின் குரல் வந்தது.

“ஏலே சவரி, அதக் கொளுத்து. எனக்கு இருட்டுல போகத் தெரியும். வாற புள்ளைக்குத்தான் வழி தெரியாது.”

வீட்டுக்காரர் மடியில் வைத்திருந்த பீடித் தீப்பெட்டி நனையாமல் இருந்தது. திரி எரிந்தது. மதினி கொடியை எடுத்துவிட்டாள். பிள்ளை முதலில் சத்தம் காட்டவில்லை. பிறகு அழுதது, புயலை மீறி அழுதது. நாங்களும் அழுதோம். ஆண்டவர் என் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சந்தோஷத்தில் திரியை அணைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அது அடிவரைக்கும் எரிந்து முடிந்தது. மாமா அதைப் பார்த்துக்கொண்டேதான் கிடந்தார். ‘அணையுங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிறகு கரண்டும் இல்லை, பாலம் உடைந்து ரயிலும் இல்லை. கடைகளில் மண்ணெண்ணெய் இல்லை, மெழுகுதிரி இல்லை. பொழுது இருக்கும்போதே கஞ்சி குடித்துவிட்டு, இருட்டியதும் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். புயலில் வீட்டுக்காரரின் வள்ளமும் போயிருந்தது. உயிரோடு இருந்ததே போதும் என்றிருந்தோம்.

அப்படி ஒரு இருட்டில்தான் மாமாவுக்கு மேல்மூச்சு வாங்கியது. பங்குச் சாமியார், புயலில் செத்தவர்களை அடக்கம் பண்ண எங்கேயோ போயிருந்தார். மதினி செபமாலையை அவர் கையில் வைத்தாள். விரல்கள் அதைத் தள்ளிவிட்டு எதையோ தேடித் தேடித் தடவின. எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியாதா? கொடுக்க ஒன்றுமில்லாமல், பிள்ளையின் காலை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். பிடித்துக்கொண்டார். பிறகு தேடவில்லை.

பிள்ளைக்குக் காணிக்கைமேரி என்று பேர் வைத்தோம். இப்போது தெருவெல்லாம் அவள் சத்தம்தான். திருநாளில் இரண்டு திரி மந்திரித்து வாங்குகிறேன். ஒன்று மாதா படத்துக்குப் பின்னால் போகும், மற்றதை மாமாவின் கல்லறையில் அவள் கையாலேயே ஏற்ற வைக்கிறேன். காற்று உடனே அணைத்துவிடும். அவள் விடாமல் மறுபடி கொளுத்துவாள்.

ஆண்டவர் கொடுப்பார், நம்பிக் கேளுங்கள். நான் கேட்டதைக் குறை வைக்காமல் கொடுத்தார். ஆனால் கேட்கும்போது பக்கத்துக் கட்டிலில் கிடப்பவரையும் சேர்த்துக் கேளுங்கள். அன்றைக்கு நான் கேட்கவில்லை.