செங்கம்மாளின் ஈரச் சுவர்

முகம் கழுவும் முன்பே செங்கம்மாள் சுவர்களைத் தொட்டுப் பார்க்கிறார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல், புறங்கையால். அலமாரிக்குப் பின்னால், கட்டிலின் தலைமாட்டில், ஜன்னலுக்குக் கீழே. கை ஜில்லென்றால் அன்றைக்கு யாரோடும் பேச்சு இல்லை.

புதுப்பட்டினத்தில் எங்கள் தெருக்கோடியில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். கடை என்றால் வீட்டின் முன்னறைதான். கணவர் இல்லை. ஒரே மகள் ரேணுகாவைச் செங்கல்பட்டில் கொடுத்த பிறகு இந்த வாடகை வீட்டுக்கு வந்தார். சாப்பிட வந்தவர்கள் போய்விட்டால் அவர் பேசுவது சுவரோடுதான். "நேத்துதான தொடச்சேன், அதுக்குள்ள இன்னா அவசரம் ஒனக்கு?" என்று திட்டுவது தெருவில் கேட்கும்.

கடலோரத்து வீட்டில் பூசணம் புதிதில்லை. ஆனால் ரேணுகாவுக்கு அது ஆகாது. காலையில் வந்தால் சாயங்காலத்துக்குள் இளைப்பு வந்து மூச்சில் விசில் கேட்கும். மாப்பிள்ளை அன்றைக்கே பஸ் ஏற்றிவிடுவார். இந்த வீட்டில் அவள் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. இப்போது மாசமாக இருக்கிறாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் நடக்கவேண்டும்.

"அந்த வூட்லியா? மூச்சு முட்டிக்கினா யாரு பதில் சொல்றது? நீங்க இங்கியே வந்துடுங்க" என்றார் சம்பந்தியம்மாள்.

"பொண்ணு குடுத்த வூட்ல எத்தினி நாளு கால நீட்டிக்கினு ஒக்கார்றது?" என்று செங்கம்மாள் என்னிடம் கேட்டார்.

கறுப்புப் புள்ளி கண்ட இடமெல்லாம் சுண்ணாம்பு அடித்தார். சில நாள் வெள்ளையாக இருக்கும். பிறகு சுண்ணாம்பையே தள்ளிக்கொண்டு பூசணம் வெளியே வரும். மறுபடி சுண்ணாம்பு. ஜன்னலை மட்டும் திறக்கமாட்டார். கடல்காற்று முன்னறையில் இருக்கும் இட்லி அடுப்பை அணைத்துவிடும் என்ற பயம்.

ஒருநாள் கொத்தனார் ரவிச்சந்திரனின் இலையில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "யக்கா, நீ இட்லிய மட்டுமா அவிக்கிற? எங்களையும் சேத்துல்ல அவிக்கிற" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். செங்கம்மாள் அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அடுப்பு கொல்லைக்குப் போனது. மூன்று பக்கமும் தகரம் வைத்து மறைத்தார். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் சுவரைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே சுண்ணாம்பு தொட்டார். அலமாரி சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வந்தது. துணிக்கொடி வெளியே. சோறு பொங்குவதும் கொல்லையில். அவர் சாப்பிடுவதும் அங்கேயே, நின்றபடி. "எனுக்கு இன்னா, ஒத்த வாயி" என்பார். வெயில் நேரத்தில் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கும். ஆளில்லாத அறைகளில் காற்று மட்டும் போய்வந்துகொண்டிருக்கும்.

வளைகாப்பு முடிந்து பங்குனியில் ரேணுகா வந்தாள். மாப்பிள்ளை பையைப் பிரிக்கவிடவில்லை. "சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பொழுது சாயும்போது, பாத்திரம் திருப்பிக் கொடுக்கப் போன நான் வாசலோடு நின்றேன். செங்கம்மாள் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். சிக்கெடுத்த தலையிலேயே மறுபடி மறுபடி சிக்கெடுத்தார். பிறகு சீப்பு பாதியில் நின்றது.

"இன்னாம்மா, தூங்கிட்டியா?" என்றாள் ரேணுகா, வளையல்கள் குலுங்க.

"கைய ஆட்டாத. சும்மா இரு."

சீப்பைத் தரையில் வைத்தார். மகளின் கூந்தலை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, அவள் முதுகில் காதை வைத்து மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.