ராஜா தாவிய ஆட்டம்

பொய் சொல்லித்தான் அந்தச் சதுரங்க ஆட்டத்தை நான் வென்றேன்!

உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். அறுபதுகளில், அந்தமானில், போர்ட் பிளேர் அலுவலகங்களுக்குள் நடந்த போட்டி அது. வெல்பவருக்குச் சென்னையில் ஆட விடுப்பும், கப்பலில் இடமும் உண்டு. அந்தக் காலத்தில் கப்பலில் இடம் குதிரைக்கொம்பு. எனக்கோ மதுரையில் மகள் பிறந்திருந்தாள், முகம்கூடப் பார்த்ததில்லை.

இறுதி ஆட்டத்தில் எதிரே முத்தையா அண்ணன். டெலானிபூர் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடு. மாலைதோறும் என்னைத் தோற்கடிப்பவர். திருநெல்வேலியில் அவருடைய அம்மா படுத்த படுக்கை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும்...

அதுவரை எல்லோரும் ஆடியது ஊர்முறை. அதில் ராஜா ஒரே ஒருமுறை குதிரைபோல் தாவலாம். சென்னைக்கு ஆள் போவதால் இறுதி ஆட்டம் மட்டும் சர்வதேச விதிப்படி. புது விதிகளை அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நானே.

"தம்பி, அதுலயும் ராஜா ஒரு தரம் தாவலாம்லா?"

"தாவலாம்ணே. ஃபிக்கர் பண்ணாதீங்க, கவலையே வேணாம்."

எந்த வாயால் சொன்னேன்!

எனக்குக் கறுப்பு. அவர் ராஜாவின் முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ள, நானும் தள்ளினேன். எல்லோரும் ஆடும் தொடக்கம்தான். பிறகு என் காய்கள் நெருக்கின. அவர் சிரித்தபடி ராஜாவைத் தூக்கித் தாவ வைத்தார்.

"யே நஹீ சலேகா, தாதா," என்றார் வங்காளி நடுவர். தாவல் செல்லாது, ஆனால் தொட்ட ராஜாவைத்தான் நகர்த்த வேண்டும்.

அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் கப்பலேறியிருக்கும். சொல்லவில்லை. ராஜாவை ஒரு கட்டம் வெளியே நகர்த்தினார். அதன்பின் கறுப்பு வெல்ல என்ன திறமை வேண்டும்?

கப்பல்துறைக்கு அண்ணன் வழியனுப்ப வந்தார்.

"தாவலாம்னு நீ சொன்னத நான் மறக்கல. போ. பிள்ளையப் பாத்துட்டு வா."

மகளை மடியில் வாங்கிய அந்த நாளை எனக்குத் தந்தவர் அவர். அவள் என் விரலைப் பற்றியபோது கடவுளுக்கும் முன்பாக, முதலில் அவரைத்தான் நினைத்தேன். ஐயோ, எவ்வளவு பெரிய மனசு! இன்றும் அவளைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளுக்குள் அவரைக் கும்பிடுகிறேன்... கும்பிட்டால் தீர்ந்துவிடுமா?

நான் திரும்பி வந்தபோது கப்பல்துறையில் நின்றிருந்தார். தலை மழித்திருந்தது. அம்மா போய்விட்டார் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. நான் வாய் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"பிள்ள யாரு சாடை, தம்பி?"

"எங்க அம்மா சாடைண்ணே," என்றேன்.

அங்கேயாவது ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா நான்?